இடிந்தகரை பந்தல்: தோத்துப் போச்சா இல்லையா?

ஒரு தம்பி கேட்ட கேள்வி: "அண்ணே, கூடங்குளம் அணு உலை வேண்டாம்னு இடிந்தகரையில வருஷக்கணக்கா பந்தல் போட்டு உக்காந்தாங்க. கடைசியில உலை ஓடுது, கரண்ட் வருது. தோத்துப் போன போராட்டத்த இன்னும் எதுக்கு தூக்கிட்டுத் திரியுறீங்க?"

06.08.2023, இரவு 11.10

தோத்தாச்சு, ஒத்துக்கறேன். 2013 ஜூலை 13 முதல் உலையில அணுப்பிளவு ஆரம்பிச்சாச்சு, அக்டோபர்ல கரண்ட் கம்பியில ஏறியாச்சு, இரண்டாவது உலை 2016. மூணு நாலுக்கு வேலை நடக்குது, அஞ்சு ஆறுக்கும் காங்கிரீட் போட்டாச்சு. இதுக்கு மேல தோக்குறதுக்கு என்ன இருக்கு. ஆனா "பந்தல் போட்டு உக்காந்தாங்க"னு ஒரு வரியில சொல்லிட்டுப் போறியே, அங்கதான் எனக்கு இடிக்குது. நீ டிவியில பாத்தது மைக் பிடிச்சு பேசுறவங்கள. நான் பாத்தது மடியில முறம் வச்சுக்கிட்டு பீடி சுத்திட்டே ரெண்டு வருஷம் உக்காந்திருந்த பொம்பளைங்கள. நானும் அப்பப்போ போய் உக்காந்திருக்கேன். 2012 செப்டம்பர் 10 தடியடி அன்னைக்கு கடற்கரையில இருந்தவன்தான் நானும்.

நாளைக்கு எழுதறேன், தூக்கம் வருது.

07.08.2023, காலை 7.30

ஊர் வள்ளியூர். அங்கிருந்து இடிந்தகரை ஒண்ணும் தூரமில்ல, ஆனா எங்க தெருவுல பாதிப்பேருக்கு அந்த ஊருக்குள்ள போன பழக்கமே கிடையாது. அவங்க கடக்கரைக்காரங்க, நாம இங்கன. அவ்வளவுதான் ஒறவு. மீன் மட்டும் வரும்.

2011 ஜூலை ஆகஸ்ட்ல உலையில ஹாட் ரன்னுனு சோதனை ஓட்டம் விட்டாங்க. ஆவி வெளிய விடுற சத்தம், ராத்திரி முழுக்க, பிள்ளைங்க எந்திரிச்சு அழுதுச்சாம். அப்பத்தான் ஜப்பான்ல ஃபுகுஷிமா வெடிச்சு நாலஞ்சு மாசம் ஆயிருக்கு, எல்லார் வீட்டு டிவியிலயும் அந்தப் புகை ஓடி முடிஞ்சிருக்கு. அதோட ஒத்திகைனு அறிவிப்பு வேற, சங்கு ஊதினா மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டு ஓடி பக்கத்துக் கட்டடத்துக்குள்ள போங்கனு. பயத்தப் போக்க வந்த அறிவிப்புதான் பயத்தக் கிளப்பி விட்டுச்சு. செப்டம்பர் 11ஆம் தேதி லூர்து மாதா கோயில் முன்னாடி 127 பேர் சாகும்வரை உண்ணாவிரதம். 12 நாள். 22ஆம் தேதி ஜெயலலிதா அமைச்சரவை, மக்கள் பயம் தீர்ற வரைக்கும் வேலைய நிறுத்தி வைங்கனு தீர்மானம் போட்டுச்சு. அன்னைக்கு ஜெயிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

முதல் நாள் நான் போனதே வேடிக்கை பாக்கத்தான். காலேஜ் முடிச்சிட்டு வேலை இல்லாம சுத்திட்டிருந்தேன்.

07.08.2023, மதியம் 1.15

பீடி விஷயம் கேட்டிருந்தாங்க. அந்தக் கரையில ஆம்பளைக்குக் கடல், பொம்பளைக்கு பீடி. கடையில இலையும் தூளும் நிறுத்துக் குடுப்பாங்க, இலைய நனைச்சு, தகரத்த மேல வச்சு கத்திரியால அளவா வெட்டி, தூள் வச்சு உருட்டி, வாய மடக்கி நூல் சுத்தணும். கணக்கு ஆயிரத்துக்கு. பந்தலுக்கு வந்தா அன்னைக்குக் கூலி போயிரும். அதனால முறத்தோட வந்து உக்காந்தாங்க. பேச்சு ஓடுது, கையும் ஓடுது, யாரும் கீழ குனிஞ்சு பாக்க மாட்டாங்க. எனக்குப் பக்கத்துல உக்காந்த ஒரு அக்கா (பேரு வேண்டாம், அக்கானே வச்சுக்கிடுவோம்) கைதட்ட வேண்டிய இடம் வந்தா மட்டும் "எலே, எனக்கும் சேத்து தட்டுடே, கை சும்மா இல்ல"ன்னு சொல்லுவா. தட்டுவேன், ரெண்டு பேருக்கும் சேத்து.

இத ஏன் சொல்றேன்னா, மொத்தப் போராட்டமும் இதுலதான் நின்னுச்சுனு இன்னைக்கு வரைக்கும் நினைக்கிறேன். பொழப்ப விட்டுட்டு வர்ற போராட்டம் ஒரு வாரம் தாங்கும். பொழப்பையும் கூடவே தூக்கிட்டு வந்ததாலதான் வருஷக்கணக்குல நின்னுச்சு.

07.08.2023, இரவு 9.50

"வெளிநாட்டுப் பணம்". வரும்னு தெரியும், வந்திருச்சு.

2012 பிப்ரவரியில பிரதமர் மன்மோகன் சிங்கே ஒரு அறிவியல் பத்திரிகை பேட்டியில அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள்தான் பின்னாடி இருக்குங்கிற மாதிரி சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் எங்க தெரு முக்கு டீக்கடையில இருந்து எங்க மாமா வரைக்கும் எல்லாரும் கணக்கு ஆடிட்டர் ஆயிட்டாங்க. நான் கண்ணால பாத்தத மட்டும் சொல்றேன்: பிஸ்கட் டின் ஒண்ணு, மூடியில கீறல் போட்டது. பத்து ரூபா நோட்டு, சில்லறை, ஈரத்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். பிரிச்சு காய வச்சு எண்ணுவாங்க. நானும் ஒரு நாள் எண்ணினேன், கையெல்லாம் மீன் வாடை, வீட்டுக்கு வந்து சோப்பு போட்டும் போகல. டாலர் எதுவும் சிக்கல மக்கா, சிக்கியிருந்தா ஒண்ண எடுத்து வச்சிருப்பேன்.

08.08.2023, காலை 6.45

மேல எழுதினத திரும்பப் படிச்சேன். ரொம்ப இனிப்பா இருக்கு. கொஞ்சம் உப்பும் போடணும்.

பந்தல்ல பொம்பளைங்கதான் கூட்டம், ஆனா மைக்கு பெரும்பாலும் ஆம்பளைங்க கையிலதான். போகப் போகத்தான் மாறுச்சு, அதுவும் யாரும் குடுத்து மாறல, தலைவர்கள் ஊர விட்டு வெளிய வர முடியாம ஆனதுக்கப்புறம், பத்திரிகைக்காரங்க வந்து நிக்கும்போது பேச ஆள் வேணுமேனு அக்காமாரு பேச ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சதுக்கப்புறம் நிறுத்த முடியல, அது வேற கதை. இன்னொண்ணு, மாதா கோயில் மணிதான் ஊரக் கூட்டுற சைரன். மணி அடிச்சா அஞ்சு நிமிஷத்துல மொத்த ஊரும் வந்திரும். அது பலமும்தான், பலவீனமும்தான். கூடங்குளம் ஊர்க்காரங்களும் வைராவிகிணறு ஆட்களும் வந்தாங்க, இல்லைனு சொல்லல, ஆனா "அது பங்குச் சாமியார் போராட்டம்லா"ன்னு ஒதுங்கி நின்னவங்கள எனக்கே நிறைய தெரியும், எங்க வீட்டுலயே ரெண்டு பேரு. சாதி, மதம், கடக்கரை, உள்ளூர்னு நாலு வேலி இருந்துச்சு, அதுல ரெண்டு வேலியத்தான் தாண்ட முடிஞ்சுது.

08.08.2023, இரவு 10.20

கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர்: "எங்க ஊர்ல அப்ப பத்து மணி நேரம் கரண்ட் கட், தறி ஓடல, உங்க ஆளுங்கள நாங்க எவ்வளவு திட்டினோம் தெரியுமா?"

தெரியும் சார். நல்லாவே தெரியும். எங்க ஊர்லயும் அதே கட்டுதான், உலைக்குப் பக்கத்துல இருக்கோம்னு யாரும் சலுகை குடுக்கல. உங்க கோவத்த நான் தப்புனு சொல்ல மாட்டேன். ஆனா ஓடாத உலையால எப்படி சார் கரண்ட் போகும்? அது ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் முதல் உலையோட 1000 மெகாவாட்ல தமிழ்நாட்டுப் பங்கு 562.5தான், அதுவும் சும்மா சும்மா நின்னு நின்னு ஓடுச்சு. அன்னைக்கு கவர்ன்மென்டுக்கு ஒரு பதில் தேவைப்பட்டுச்சு, இடிந்தகரைனு ஒரு பதில் கிடைச்சுது.

தறிக்காரர் சண்டைக்கு வருவார்னு பாத்தேன், "சரி, விடுங்க தம்பி"ன்னு போயிட்டார். நல்ல மனுஷன்.

10.08.2023, மாலை 6.00

இப்ப 2012 மார்ச். சங்கரன்கோவில் இடைத்தேர்தல் ஓட்டுப்பதிவு 18ஆம் தேதி முடியுது, 19ஆம் தேதி உலை வேலைய ஆரம்பிக்கலாம்னு அமைச்சரவை முடிவு. ஒரே ராத்திரி கேப். சுத்தி 144, ரோடெல்லாம் போலீஸ். பஸ் இல்ல, பால் வண்டி இல்ல, தண்ணி லாரி இல்ல. கூட்டப்புளியில கொத்தா ஆட்கள அள்ளிட்டுப் போனாங்க. அதோட 500 கோடி ரூபா வளர்ச்சித் திட்டமும் அறிவிச்சாங்க, ஒரு கையில லட்டு இன்னொரு கையில லத்தி.

ரோட்டத்தான அடைக்க முடியும். கடல் வழியா சாமான் வந்துச்சு. அரிசி, பால் பவுடர், தண்ணி கேன்னு பக்கத்து ஊர் பைபர் போட்டுங்க கொண்டு வந்து இறக்குச்சு. நான் அப்படித்தான் அந்தத் தடவை உள்ள போனேன், கூத்தங்குழியில ஏறி. வாழ்க்கையில முதல் தடவையா கடல்ல போறேன், வழி முழுக்க வாந்தி. போட்டுல இருந்த பெரியவர் ஒரு வார்த்தை சொல்லல, வெங்காயம் ஒண்ண பாதியா அறுத்து மூக்குகிட்ட நீட்டினார். இறங்கினதும், "புரட்சிக்கு வந்த புள்ள, மொதல்ல படுக்கப் போடுங்க"ன்னு சிரிச்சாங்க.

10.08.2023, இரவு 11.40

தேச துரோகம், 124ஏ. ஆயிரக்கணக்கான பேர் மேல. எஃப்ஐஆர்ல நாலஞ்சு பேர் பேரு இருக்கும், அப்புறம் "மற்றும் 2000 பேர்"னு இருக்கும். அந்த "மற்றும்"தான் விஷம். அதுல யார வேணும்னாலும் என்னைக்கு வேணும்னாலும் சேத்துக்கலாம். கடலுக்குப் போறவன், பீடி சுத்துறவ, எல்லாரும் அரசாங்கத்த கவுக்கப் பாத்தவங்க. பசங்க கல்ஃப் போக முடியாம பாஸ்போர்ட்டுக்கு அலைஞ்சாங்க. 2013 மே 6 தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் உலைக்கு அனுமதி குடுத்துச்சு, 15 நிபந்தனை போட்டுச்சு, அதுல ஒண்ணு போராட்டக்காரங்க மேல இருக்கிற கேஸ வாபஸ் வாங்கப் பாருங்கங்கிறது. உலைக்கு உடனே அனுமதி கிடைச்சுது. வாபஸ் வாங்கறதுல எத்தனை இழுவைனு அங்க உள்ளவங்களக் கேளுங்க.

நான்? என் பேரு "மற்றும்". அதுலயும் ஒரு விஷயம் இருக்கு, அப்புறம் சொல்றேன்.

13.08.2023, காலை 8.10

சித்தப்பா இதெல்லாம் படிச்சிட்டு போன் போட்டு திட்டினார். "நீங்க என்னமோ 2011ல கண்டுபிடிச்ச மாதிரி எழுதியிருக்கே"ன்னு. சரிதான். 1988 நவம்பர் 20 ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் இந்த உலைக்குக் கையெழுத்துப் போட்டாங்க, ஆறு மாசம்கூட ஆகல, 1989 மே 1 கன்னியாகுமரியில துப்பாக்கிச் சூடு. தேசிய மீனவர் பேரவை "தண்ணீரைக் காப்போம், உயிரைக் காப்போம்"னு கரையோரமாவே பெரிய நடைபயணம் நடத்தினாங்க, ஒரு கூட்டம் வங்காளத்துல இருந்து, இன்னொரு கூட்டம் மும்பை பக்கம் இருந்து, ரெண்டும் குமரியில சேருது. கூடங்குளம் உலையும் அவங்க கோரிக்கையில ஒண்ணு. சித்தப்பாவுக்கு அப்ப பதினேழு வயசு, கூட்டம் பாக்கப் போனவர் வெடிச் சத்தம் கேட்டு யார் வீட்டு மாட்டுத் தொழுவத்துலயோ சாயங்காலம் வரைக்கும் ஒளிஞ்சிருந்திருக்கார். முப்பத்தி நாலு வருஷமா எங்ககிட்ட சொல்லல. நேத்து சொல்றார்.

13.08.2023, மதியம் 2.30

கோர்பச்சேவ்னதும் ஒண்ணு. இங்கிலாந்துல கிரீன்ஹாம் காமன்னு ஒரு விமானப்படை தளம், 1981ல வேல்ஸ்ல கார்டிஃப்ல இருந்து 36 பொம்பளைங்க நடந்தே வந்து அமெரிக்க அணு ஏவுகணை இங்க வேண்டாம்னு வாசல்ல உக்காந்தாங்க, கூட ஆம்பளைங்களும் குழந்தைகளும் கொஞ்சம் பேர், அப்புறம் அது பொம்பளைங்க முகாமாவே ஆயிருச்சு. 1982 டிசம்பர்ல 30,000 பேர் கைகோத்து ஒம்பது மைல் வேலியச் சுத்தி நின்னாங்க. ஏவுகணை வந்துச்சு, மொத்தம் 96 ஏவுகணை. ஆனாலும் எந்திரிக்கல. 1987ல அமெரிக்க அதிபர் ரீகனும் கோர்பச்சேவும் ஏவுகணைய ஒழிக்க ஒப்பந்தம் போட, 1991க்குள்ள ஏவுகணை எல்லாம் போயிருச்சு. முகாம் 2000 வரைக்கும் இருந்துச்சு, 19 வருஷம். அவங்க ஜெயிச்சாங்களா, ஒப்பந்தம் ஜெயிச்சுதானு அங்கயும் இன்னும் அடிச்சுக்கிறாங்க.

அதே கோர்பச்சேவ், அதே கை. 1987 டிசம்பர்ல ஒரு கையெழுத்து, அந்தப் பொம்பளைங்க சிரிச்சாங்க. பதினோரு மாசம் கழிச்சு டெல்லியில ஒரு கையெழுத்து, எங்க அக்காவுக்கு வினை. மனுஷன் போன வருஷம்தான் செத்தார். அக்காவுக்கு அவர் யாருனே தெரியாது.

13.08.2023, மதியம் 2.50

"ஏவுகணையும் கரண்ட் உலையும் ஒண்ணா?"ன்னு கேட்டா, இல்ல, ஒண்ணில்ல. நான் சொன்னது உக்காந்த விதத்தப் பத்தி. ஆனா பந்தல்ல ஹிரோஷிமாவும் ஃபுகுஷிமாவும் ஒரே மூச்சுலதான் பேசப்பட்டுச்சு, அது சரியா தப்பானு எனக்கே அன்னைக்கும் குழப்பம் இன்னைக்கும் குழப்பம். உலை குண்டு மாதிரி வெடிக்கும்னு சில பேச்சாளர்கள் மைக்குல சொன்னது தப்பு. உலை அப்படி வெடிக்காது. எரிஞ்சு முடிச்ச எரிபொருள எங்க வைக்கப் போறீங்கங்கிறதுதான் சரியான கேள்வி, அதுக்கு இன்னும் பதில் வரல. 2019 ஜூலையில அதை வளாகத்துக்குள்ளயே சேத்து வைக்கிற கிடங்குக்கு கருத்துக்கேட்புனு தேதி குறிச்சு, எதிர்ப்பு கிளம்பினதும் தள்ளி வச்சாங்க.

19.08.2023, இரவு 12.30

சரி. அந்த விஷயம்.

முதல் நாள் "செப்டம்பர் 10 தடியடி அன்னைக்கு கடற்கரையில இருந்தவன்தான் நானும்"னு எழுதிட்டேன். வார்த்தைக்கு வார்த்தை பாத்தா பொய் இல்ல. ஆனா பொய்தான்.

9ஆம் தேதி ஞாயித்துக்கிழமை. எரிபொருள் நிரப்பப் போறாங்கனு முற்றுகை. ரோட்டுல போனா மறிப்பாங்கனு கரையோரமா மணல்லயே நடந்தோம், ஆயிரக்கணக்குல. உலைக்கு ரொம்பப் பக்கத்துல போலீஸ் மறிச்சுது, அங்கனயே உக்காந்துட்டோம். ராத்திரி முழுக்க மணல்ல. முன்னாடி அந்த ரெண்டு குவிமாடமும் லைட் போட்டு நிக்குது, இந்தப் பக்கம் பிள்ளைங்க சேலைய விரிச்சுத் தூங்குது. அக்கா முறம் கொண்டு வரல அன்னைக்கு. கை என்ன பண்றதுனு தெரியாம மணல உருட்டிட்டே இருந்தா, பீடி உருட்டுற மாதிரியே.

எனக்கு செவ்வாய்க்கிழமை சென்னையில ஒரு கம்பெனி இன்டர்வியூ. திங்கக்கிழமை சாயங்காலம் ரயில். விடியக்காலம் அஞ்சு மணிக்கு, "ஒண்ணுக்கு இருந்துட்டு வரேன்"னு அக்காகிட்ட சொல்லிட்டு எந்திரிச்சேன். செருப்ப அங்கனயே விட்டுட்டு வந்தேன், அப்பத்தான் திரும்பி வருவேன்னு நினைப்பா. கரையோரமா ஊருக்கு நடந்து, போட்டு பிடிச்சு கூத்தங்குழி, ஒருத்தர் பைக்குல ராதாபுரம், வீடு. குளிச்சு சாப்பிட்டுத் தூங்கிட்டேன். எந்திரிச்சு டிவி போட்டா கண்ணீர் புகை, ஜனங்க கடலுக்குள்ள இறங்கி நிக்குது. முன்பகலிலயே அடிச்சிருக்காங்க. மணப்பாட்டுல துப்பாக்கிச் சூட்டுல மீனவர் ஒருத்தர் செத்துட்டார். சுனாமி காலனி வீட்டுக்குள்ள போலீஸ் போயிருக்கு. பொம்பளைங்கள பிடிச்சுக் கொண்டுபோய் திருச்சி ஜெயில்ல போட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலம் ரயில் ஏறினேன். வேலை கிடைக்கல, அது வேற.

19.08.2023, இரவு 12.55

எழுதினத அழிச்சிரலாமானு பாத்தேன். கிடக்கட்டும்.

20.08.2023, மாலை 4.15

திட்டுவீங்கனு பாத்தா ஆளுக்கொரு கதை சொல்றீங்க. ஜல்லிக்கட்டுக்கு மெரினா போயிட்டு கடைசி நாள் காலையில வீட்டுக்கு வந்துட்டேன்னு ஒருத்தர். சிரிக்கவா அழவா.

மறுநாள் 11ஆம் தேதி நடந்ததும் பேப்பர்ல படிச்சதுதான் எனக்கு. போராட்டத் தலைவர் உதயகுமார் வந்து சரணடையப் போறேன்னு கூட்டத்துல சொல்ல, பசங்க அவர அலேக்கா தூக்கி போட்டுல வச்சுக் கொண்டு போயிட்டாங்க. தலைவர் சொல்றத கூட்டம் கேக்கல. ஒரு தலைவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை, அதைவிடப் பெரிய இம்சை ரெண்டும் இருக்காதுனு தோணும். 13ஆம் தேதி கடலுக்குள்ள இடுப்பளவுத் தண்ணியில நின்னாங்க. 2014ல உதயகுமார், போராட்டக் குழுவுல கூட இருந்த புஷ்பராயன், மை.பா. மூணு பேரும் ஆம் ஆத்மியில நின்னாங்க, மூணு தொகுதியிலயும் டெபாசிட் போச்சு. நான் ஓட்டுப் போட்டேன். அதையாவது ஒழுங்காப் பண்ணினேன்.

03.09.2023, இரவு 9.00

போன ஞாயித்துக்கிழமை இடிந்தகரை போனேன். எட்டு வருஷம் கழிச்சு. அக்கா வீடு சுனாமி காலனியிலதான் இன்னும். பீடி இப்ப சுத்தறதில்ல, கண்ணு தெரியல, மக சுத்துறா. எடுத்த உடனே கேஸப் பத்திதான் பேச்சு, பையனுக்கு பாஸ்போர்ட் வேணும், ஒரு ஆபீஸ்ல "உங்க மேல ஏதோ கிடக்கு"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம், என்ன கிடக்குனு கேட்டா அவங்களுக்கும் தெரியலயாம். பேப்பர் எல்லாம் ஒரு மஞ்சப் பையில வச்சிருக்கா. எடுத்து எடுத்துக் காட்டினா, போட்டோ எடுத்து தெரிஞ்ச வக்கீல் ஒருத்தருக்கு அனுப்பியிருக்கேன்.

தோத்துட்டோமாக்கானு கேட்டேன், தம்பி கேட்ட மாதிரியே. முறைச்சா. "மீன் குழம்பு இருக்கு, தின்னுட்டுப் பேசு"ன்னா.

சாப்பிட்டு முடிச்சு கை கழுவும்போதுதான் சொன்னேன், அன்னைக்கு விடியக்காலம் நான் ஒண்ணுக்குப் போகல, வீட்டுக்குப் போயிட்டேன்னு. பதினோரு வருஷம் ஆச்சு சொல்ல.

"தெரியும்டே. செருப்ப விட்டுட்டுப் போனே, நான் அதக் கையில வச்சுட்டு உன்னத் தேடினேன். அப்புறம் புகை போட்டான், அதையே தூக்கி எறிஞ்சேன்."

பட்டுச்சானு கேட்டேன்.

"ஒண்ணு பட்டுச்சு"ன்னா.

03.09.2023, இரவு 9.20

பாராகன், ஏழாம் நம்பர். கேக்கறவங்களுக்கு.